ஏரியூர் சவுரி எழுதுகிறார்

மாரண்டஹள்ளி பஸ் நிலையத்துக்கு எதிரே, விதைக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பலகையில் ‘கோகிலா டிராவல்ஸ்’ என்று பெரிதாகவும், ‘ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்று அதற்கடியில் சிறிதாகவும் எழுதியிருக்கும். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் கோகிலா அதைத் திறந்தபோது ஜெராக்ஸ் கிடையாது. டிக்கெட் மட்டும்தான். பெங்களூருக்குப் போகிறவர்கள், வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் இருப்பவர்கள், திருப்பதிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். எந்த வண்டியில் சீட் சாயும், எந்த டிரைவர் தூங்காமல் ஓட்டுவார், எந்த வண்டி கிருஷ்ணகிரியில் அரைமணி நேரம் நிறுத்திவிடும் என்பதெல்லாம் கோகிலாவுக்குத் தெரியும். ஜனம் கேட்கும். அவள் சொல்வாள். அவள் சொன்ன வண்டியில் ஏறுவார்கள்.

பிறகு ‘ஊர்வழி’ வந்தது. போனிலேயே பஸ்ஸும் லாட்ஜும் பதிவு செய்துகொடுக்கும் கம்பெனி. முதலில் அவளுக்கே ஏஜென்ட் எண் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் கமிஷனைப் பாதியாக்கினார்கள், மூன்றாவது வருடம் எண்ணையே முடக்கிவிட்டார்கள். ஊர்வழி பங்குச்சந்தைக்கு வந்த அன்று பேக்கரிக்காரர் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டினார். கோகிலா அதை வாங்கி மடித்து லேமினேஷன் மிஷினுக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள்.

இப்போது நாளைக்கு நாலு டிக்கெட் போனால் அதிசயம். ஆதார் அட்டையும் சிட்டா நகலும்தான் கடையை ஓட்டின. கணவன் முருகேஷ் பாலக்கோடு மண்டியிலிருந்து ஓசூருக்குத் தக்காளி வண்டி ஓட்டுகிறான். அதனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் பகல் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பது கோகிலாவுக்குள் ஒரு பள்ளமாக விழுந்து கிடந்தது.

ஆகஸ்ட் மாதம் அவளுடைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. தருமபுரியில் ஒரு பழைய போன் கடையில் வேறொன்று வாங்கினாள். விளிம்பில் ஒரு கீறல், மற்றபடி நல்ல போன். படம், நம்பர் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகக் கடைக்காரன் சொன்னான். படத்தையும் நம்பரையும் அழித்திருந்தான். மீதியை அப்படியே விட்டிருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அது அடித்தது. திரையில் ‘பூ மாத்திரை’ என்று இருந்தது. பழைய ஆளுடைய அலாரம் என்று நினைத்து அணைத்தாள். அதை எப்படி நிரந்தரமாக எடுப்பதென்று தெரியவில்லை. தினமும் ஏழு மணிக்கு அடித்தது, தினமும் அணைத்தாள்.

நாலாவது நாள் ஒரு செய்தி வந்து நின்றது. ‘சவுரி சார், ஊர்வழி காலாண்டு ரிசல்ட் பாத்தீங்களா? வெச்சுக்கலாமா, வித்துடலாமா?’

தொட்டுப் பார்த்தாள். ‘சந்தைப் பேச்சு’ என்ற ஒரு தளம் திறந்தது. பங்கு வாங்குகிறவர்கள் தமிழில் தங்கள் கருத்தை எழுதி ஒருவரோடு ஒருவர் வாதாடும் இடம். போனின் பழைய சொந்தக்காரர் அதில் ‘ஏரியூர் சவுரி’ என்ற பெயரில் எழுதியிருந்தார். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் அவர் பின்னால் இருந்தார்கள்.

கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கோகிலா அவர் எழுதியதைப் படித்தாள். அவர் இணையக் கம்பெனிகளைப் பற்றி மட்டும்தான் எழுதுவார், அதிலும் ஊர்வழியைப் பற்றித்தான் அதிகம். படிக்கப் படிக்க அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. மற்றவர்கள் கோடு கோடாக வரைபடம் போட்டு வாதாடினார்கள். இவர் பென்னாகரம் பஸ் நிலையத்தில் நின்று, ஒகேனக்கல் வண்டியில் எத்தனை பேர் பையோடு ஏறுகிறார்கள் என்று பார்த்து எழுதினார். ஒகேனக்கல்லில் தெரிந்த ஒரு லாட்ஜில் வாரக் கடைசியில் எத்தனை சாவி ஆணியில் சும்மா தொங்குகிறது என்று கேட்டு எழுதினார். அவசரப்படுகிறவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தார்: ‘ஆற விடுங்க.’

அவர் கடைசியாக எழுதிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே கேள்விகள் குவிந்து கிடந்தன. ‘சார் எங்க போனீங்க?’ ‘சார் உடம்பு நல்லாயிருக்கா?’ புதுப் போன் வாங்கியவர் இந்தத் தளத்தை மறந்திருப்பார் என்று கோகிலா நினைத்தாள். வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

அன்றைக்குக் கேள்வி கேட்டவருக்கு, நான் அவர் இல்லை, போன் கை மாறிவிட்டது என்று சொல்லத்தான் உட்கார்ந்தாள். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்கு முன்பதிவு தொடங்கும் நேரம். இரண்டு பஸ் முதலாளிகள் ஊர்வழியோடு சண்டை போட்டுக்கொண்டு, சீட்டுகளை அதிலிருந்து எடுக்கப் போவதாக அவளிடமே சொல்லியிருந்தார்கள். அதையும், பங்கு விலை இறங்கும் என்பதையும் எழுதினாள். எழுதும்போது எழுத்துப் பலகைக்கு மேலே மூன்று கட்டங்களில் அடுத்த வார்த்தை தானாக வந்து நின்றது. யாரோ வருடக்கணக்கில் தட்டிப் பழக்கிய பலகை அது. கடைசியில் ‘ஆ’ என்று தட்டியதுமே ‘ஆற’ வந்தது. அதைத் தொட்டாள். ‘விடுங்க’ வந்தது. தொட்டாள்.

ஒரு மணி நேரத்துக்குள் நானூறு பேர் வரவேற்றுவிட்டார்கள். சார் திரும்பி வந்துவிட்டார். பத்து நாளில் ஊர்வழி பங்கு சரிந்தது. சார் சொன்னால் சொன்னதுதான் என்றார்கள்.

அதன்பிறகு அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருட அனுபவத்தை ஆறாயிரம் பேர் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அவள் ஒரு பங்குகூட வாங்கவில்லை, யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஏரியூர் சவுரியாக எழுதினாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், முகூர்த்த நாட்களில் ஊர்வழி டிக்கெட் விலையை ஏற்றுவதைப் பற்றி எழுதிப் போட்டுவிட்டு, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தாள். ‘முழங்கால் சரியாகலையா சார்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். தான் எழுதியதை மறுபடியும் படித்தாள். நடுவில் ஒரு வரி இருந்தது: ‘முழங்கால் வலியோட பென்னாகரம் வரைக்கும் போயி பாத்தேன்.’ முகூர்த்தம் என்று எழுத ‘மு’ தட்டியபோது மேலே வந்ததை விரல் தொட்டுக்கொண்டே போயிருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தொட்டது நினைவில் இல்லை. அன்று மாலை கடையைப் பூட்டிக்கொண்டு இறங்கும்போது, படியில் வலது காலைப் பார்த்து வைத்தாள்.

முருகேஷ் அதிகம் பேசுகிறவன் இல்லை. அவனே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்கிச் சொன்னான்.

“நீ பேசறது வேற யாரோ பேசற மாதிரி இருக்குது கோகிலா. வண்டி ரிப்பேருக்கு நின்னுடுச்சுன்னு சொல்றேன், ஆற விடுங்கங்கற. எப்ப இருந்து இந்தப் பேச்சு?”

சும்மா வாயில் வந்துவிட்டது என்றாள்.  அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் முகத்தை இரண்டு முறை பார்த்தான்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. வழக்கம்போலக் கையை நீட்டினாள். அன்றைக்கு இரண்டு வரி இருந்தது. ‘பூ மாத்திரை’ என்பதற்குக் கீழே, ‘கல்லறைக்குச் சுண்ணாம்பு.’

அன்று அவள் எதுவும் எழுதவில்லை. போனை மேசை டிராயரில் போட்டு மூடிவைத்தாள். மதியம் எடுத்துப் பார்த்தபோது, ‘சார் இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையே’ என்று முப்பது பேர் கேட்டிருந்தார்கள். மறுநாள் எழுதினாள்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை, மற்றவர்கள் பார்க்க முடியாதபடி அவளுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயரில் ‘பூ’ என்று மட்டும் இருந்தது.

‘நேத்து எழுதுனதுல ஒரு வார்த்தை தப்புங்க. அவரு லாபம்னு எழுத மாட்டாரு. மிச்சம்னுதான் எழுதுவாரு.’

கோகிலா அதை இரண்டு முறை படித்தாள். வெளியே பகல் வெயில், பாலக்கோடு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கண்டக்டர் விசில் ஊதினார். பதில் எழுதவில்லை. ஆனால் மறுநாள் எழுதும்போது, அவள் நினைக்காமலே, ‘மிச்சம்’ என்று விழுந்தது. பத்து நிமிடத்தில் செய்தி வந்தது. ‘இன்னைக்கு சரியா இருந்துச்சு.’

புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை ‘வாசப்படி’ என்ற கம்பெனியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். வீட்டுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்து கொடுக்கும் இணையக் கம்பெனி. கோகிலாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்போது வாங்க வேண்டாம் என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு, அவசரமாக வந்த ஒருவருக்கு டிக்கெட் போடப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அலாரத்தை அணைத்த கையோடு அடுத்த செய்தியைப் பார்த்தாள்.

‘வூட்டுக்கு எப்ப வர்றீங்க?’

இரண்டு நாள் அவள் தளத்தைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முருகேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் போனைக் கையில் வாங்கவில்லை. நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று மட்டும் சொன்னான். கூட வரட்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்று அவளே கிளம்பினாள். வழி கேட்டு ‘பூ’வுக்கு எழுதியதற்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கோயில் தெருவில் நீல வாசல் என்று பதில் வந்திருந்தது. யார், எதற்கு என்று கேட்கவில்லை.

பாலக்கோடு, தருமபுரி, பென்னாகரம் என்று மூன்று தடவை பஸ் மாறி ஏரியூரில் இறங்கியபோது மணி இரண்டு. நீல வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். காதோரம் நரை, சுத்தமான வெள்ளைப் புள்ளிப் புடவை. கோகிலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“பொம்பளையா நீங்க?” என்றாள். பிறகு, “உள்ள வாங்க” என்றாள்.

அவள் பெயர் பூவிழி. உள்ளே சுவரில் சிலுவைக்குக் கீழே ஒரு படம். நெற்றி ஏறிய, மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். படத்துக்கடியில் பிறப்பு, இறப்பு தேதிகள். கோகிலா இரண்டாவது தேதியைப் படித்தாள். ‘சந்தைப் பேச்சில்’ அவர் கடைசியாக எழுதிய நாளுக்கு மறுநாள் அது.

நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குப் பூவிழி தண்ணீர் கொடுத்தாள். சவுரியப்பன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். பென்னாகரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். வருடத் திருப்பலி முடியும்வரை பூவிழி அவர் போனை வைத்திருந்தாள். தினமும் காலையில் அது அடித்து அவளுடைய தைராய்டு மாத்திரையை நினைவுபடுத்தியது. செத்தவர் எழுப்பிவிட, எத்தனை நாள் எழுந்துகொண்டிருக்க முடியும்? அதனால்தான் விற்றாள். விற்ற மூன்றாவது வாரம் தளத்தில் அவர் எழுத ஆரம்பித்தார். சுண்ணாம்பு, அவர் அப்பாவின் கல்லறைக்கு வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அடிப்பது. அவர் போனதிலிருந்து இரண்டு கல்லறைக்கு அடிக்கிறாளாம்.

இதையெல்லாம் கீரை விலை சொல்வதுபோலச் சொன்னாள். அவர் இல்லை என்று தெரிந்துமா எனக்கு அப்படி எழுதினீர்கள் என்று கோகிலா கேட்டாள்.

“தெரியுமுங்க. நாந்தான மண்ணு அள்ளிப் போட்டேன். ஆனா எழுத்து வருதே. நான் என்ன பண்ணட்டும்?”

பிறகு எழுந்து போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். ஒகேனக்கல் லாட்ஜில் வாராவாரம் சும்மா தொங்கிய சாவிகளின் எண்ணிக்கை. வாரத்துக்கு ஒரு வரி, தேதியோடு. சாய்ந்த, நெருக்கமான கையெழுத்து. கோகிலா புரட்டிக்கொண்டே போனாள். அவர் இறந்த தேதி வந்தது. அதற்குக் கீழேயும் வரிகள் போயின. போன சனிக்கிழமை வரைக்கும், அதே சாய்வு, அதே நெருக்கம். எந்த வரியில் கை மாறியது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“லாட்ஜ்காரர்கிட்ட நானே கேட்டு எழுதிட்டு வர்றேங்க. வீணாப் போவக் கூடாதுல்ல. இனிமே இதையும் சேத்து எழுதுங்க. நல்லா இருக்கும்.”

வெளியே ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது. கோகிலாவுக்கு உடனே எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. போனைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன், இனி எழுத மாட்டேன் என்றாள். அதைக் கேட்டதும்தான் பூவிழியின் முகம் மாறியது.

“அப்ப வியாழக்கெழம எதுக்கு அத எழுதுனீங்க?”

கோகிலாவுக்குப் புரியவில்லை. போனைத் திறந்து வியாழக்கிழமைப் பதிவைப் பார்த்தாள். ‘வாசப்படிய இப்ப வாங்கலாம். பயப்படாத. நான் இருக்கேன்.’

வாங்க வேண்டாம் என்றுதான் அவள் எழுத நினைத்தாள். ‘வாங்’ என்று தட்டியதும் ‘வாங்கலாம்’ மேலே நின்றிருக்கும். மீதியை அவள் நினைக்கக்கூட இல்லை. பூவிழி தன் போனை எடுத்து, பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றைக் காட்டினாள். மூன்று வருடத்துக்கு முன்னால், அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்த வாரம், கணவர் அனுப்பியவை. காலை, மதியம், மாலை என்று இருபது முப்பது தடவை அதே வரி. பயப்படாத. நான் இருக்கேன்.

“இது எனக்கு மட்டுந்தான் தெரியும்” என்றாள் பூவிழி. “அதான் வர்றாருன்னு நெனச்சேன்.”

 கோகிலாவின் கண், அந்தப் பதிவுக்குக் கீழே மற்றவர்கள் எழுதியிருந்த இடத்துக்குப் போனது. முதலில் அன்பரசி என்று ஒரு பெண்மணி. அரூரில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ். ‘நன்றி சார். நீங்க இருக்கேன்னு சொன்ன ஒரு வார்த்தை போதும். ஓய்வுப் பணத்துல பாதிய வாசப்படியில போட்டுட்டேன்.’

கோகிலா அதை உரக்கப் படித்தாள்.  இந்தக் கருத்து யாருடையது? தனக்கு வாசப்படியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. செத்தவர் அப்படி ஒரு கம்பெனி வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். மனைவிக்குத் தைரியம் சொன்ன ஒரு வார்த்தை, எங்கேயோ இருக்கும் ஒரு நர்ஸின் பணத்தை அதில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அவர் இறந்துவிட்டார், இதுவரை எழுதியது நான் என்று இப்போதே எழுதிவிட வேண்டும் என்றாள்.

“அத எழுதுனா அவரு ரெண்டாந்தரமும் செத்துடுவாருங்க.”

“அந்தம்மா உசுரோட இருக்காங்கக்கா” என்றாள் கோகிலா. “அவர நம்பிப் பணத்தப் போட்டிருக்காங்க.”

பூவிழி படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கையை நீட்டிப் போனை வாங்கினாள். கணக்கரின் மனைவி. வார்த்தை வார்த்தையாக, ஒற்றை விரலால் தட்டினாள். ‘என் வீட்டுக்காரர்’ என்று தொடங்கியதும் கட்டங்களில் வார்த்தைகள் வந்தன. அவற்றைத் தொடாமல் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். சவுரியப்பன் என்று எழுதினாள், தேதியை எழுதினாள். ‘இறந்துட்டார்’ என்று தட்டத் தொடங்கியபோது மேலே இருந்த மூன்று கட்டங்களும் காலியாக இருந்தன. அவர் அந்த வார்த்தையை ஒரு தடவைகூட எழுதியதில்லை போலும். அதற்குக் கீழே கோகிலா தன் பெயரையும், ஊரையும், கடை எங்கே இருக்கிறது என்பதையும், ஆகஸ்டிலிருந்து எழுதியதெல்லாம் தான்தான் என்பதையும், வாசப்படியை விற்றுவிடுங்கள் என்பதையும் எழுதினாள்.

பதில்கள் உடனே வந்தன. பலர் அஞ்சலி சொன்னார்கள். சிலர் திட்டினார்கள். கணக்கை யாரோ திருடிவிட்டார்கள், நம்பாதீர்கள் என்று சிலர் எச்சரித்தார்கள். அஞ்சலிகளுக்கு நடுவே ஒருவர் கேட்டிருந்தார்: ‘சார், திங்கக்கெழம ஊர்வழி ஏறுமா?’ அவருக்குக் கீழே இன்னும் நாலு பேர் அதையே கேட்டிருந்தார்கள்.

கோகிலா போனைப் பூவிழியிடமே விட்டுவிட்டு வந்தாள். கிளம்பும்போது பூவிழி, இரண்டு தடவை மாறினால் போதும், மூன்று வேண்டாம், பென்னாகரத்திலிருந்து நேராகப் பாலக்கோடு வண்டி நாலரைக்கு இருக்கிறது, அவர் அதில்தான் போவார் என்றாள். கோகிலா அந்த வண்டியில் ஏறவில்லை. தருமபுரி வண்டிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து, வந்த வழியாகவே திரும்பினாள்.

வாசப்படி அந்த வாரமே விழுந்தது. அன்பரசி பதிவைப் பார்த்து உடனே விற்றிருக்கிறார். ஆனாலும் கொஞ்சம் போய்விட்டது. பெரிய தொகை இல்லை என்று கோகிலா பிறகுதான் தெரிந்துகொண்டாள், அதுவும் அவர் வாயாலேயே. டிசம்பரில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குத் தருமபுரி பஸ்ஸிலிருந்து குடையோடு ஒரு பெண்மணி இறங்கி, பலகையைப் படித்துவிட்டுக் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பெயரைச் சொன்னதும் கோகிலா எழுந்து நின்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை அன்பரசி கையமர்த்தினார். பணம் கேட்க வரவில்லை என்றார். பேக்கரியிலிருந்து வரவழைத்த டீயைக் குடித்தார். குடித்துக்கொண்டே கோகிலாவின் முகத்தை, நோயாளியைப் பார்ப்பதுபோல, நிதானமாகப் பார்த்தார்.

“யார நம்புனேன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். “உங்கள இல்லீங்க.”

அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இருந்தாலும் அவர் வெளியே போய் நிலையத்து நிழலில் நின்றுகொண்டார். பஸ் வந்து, அவர் ஏறி, அது திருப்பத்தில் மறையும்வரை கோகிலா மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். யாரோ ஆதார் அட்டையை நீட்டி, இரண்டு பக்கமும் என்றார்கள். வாங்கிக்கொண்டு மிஷினைத் திறந்தாள்.